அவள் முகத்தில் ஒரு பரு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பதினொன்றாம் வகுப்புப் பொங்கல் விடுமுறையில் நடந்தது இது. எங்கள் வீடு ஆலங்காயத்தில். என் பெஞ்சுத் தோழிக்கு ஜவ்வாது மலைமேல், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள்.

எனக்கு முகமெல்லாம் பரு. அவள் முகமோ துலக்கி வைத்த வெண்கலத் தட்டு! பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகிவிடும், அதனால்தான் பரு என்று எங்கோ படித்திருந்தேன். அவளும் என் வயதுதானே, அவளுக்கு மட்டும் ஏன் இல்லை? "இன்னாடி பூசற?" என்று நூறு தடவை கேட்டிருப்பேன். "ஒண்ணும் இல்லடி" என்பாள். நம்பவே இல்லை. வகுப்பு போட்டோவில் அவள் பக்கத்தில் நிற்கப் பிடிக்காமல் கடைசி வரிசைக்கு ஓடியவள் நான்.

பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில், காட்டிலிருந்து பொறுக்கி வந்த கறுப்புக் கொட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓஹோ, இதுதான் ரகசியமா! அவள் டீ போடப் போன நேரத்தில் நான்கை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கொட்டைகளைத் தட்டி, கசிந்த எண்ணெயைக் கன்னத்தில் தடவினேன். மறுநாள் கன்னம் வெந்து கொப்பளித்துவிட்டது; ஒரு கண் திறக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் சேர்த்தார். போனில் விஷயம் கேட்டு, தோழி ஜீப் பிடித்து ஓடி வந்தாள்.

"சேராங்கொட்டைடி அது! தொட்டா கையே வெந்து பூடும். அத்தப் போய் மூஞ்சில... லூசு! கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"நீயின்னா சொல்லுவ? உனுக்குதான் மூஞ்சி பளபளன்னு கீதே!"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரே ஒரு பரு வராதான்னு தெனம் கண்ணாடியப் பாக்குறேன்டி. கிளாஸ்ல எல்லாரும் வயசுக்கு வந்துட்டீங்க. நான் மட்டும்தான் வர்ல. கண்ணாலத்துக்குப் போனா பொம்பளைங்க அம்மாவ ஓரமா கூட்டினு போயிக் கேக்குறாங்க."

அத்தனை நாள் அவள் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவே இல்லை. டாக்டரம்மா வந்தபோது, "சொல்லட்டுமா?" என்று கண்ணால் கேட்டேன். சரியென்று தலையசைத்தாள். அவள் ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமாக இருப்பது தெரிந்தது; வயதுக்கு வராததும் அதனால்தானாம். தினமும் காலையில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஒருநாள் வகுப்புக்குள் ஓடிவந்து மோவாயைத் தூக்கிக் காட்டினாள். சின்னதாய், சிவப்பாய் ஒரு பரு! "கிள்ளித் தொலைக்காதடி" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் டீச்சர் வெளியே நிற்க வைத்தார்.

என் கன்னத்துத் தழும்பு இன்னும் போகவில்லை. இன்றைக்கும் யாரையாவது பார்த்து வயிறு எரிந்தால் கை தானாக அங்கேதான் போகிறது. அவர்கள் எதற்கு ஏங்கிக்கொண்டிருக்கிறார்களோ என்று அப்போதுதான் உறைக்கிறது.