ஹ்விடோவ்ரேக்குக் கொண்டுபோன கட்டம் போட்ட பாவாடை

1988 நவம்பர், சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்கு ரண்டர்ஸில் ரயில் ஏறினேன். மடியில் ஒரு பை; உள்ளே பச்சையும் கருநீலமும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை. பழைய உடுப்புக் கடையில் நாற்பத்தைந்து குரோணருக்கு வாங்கியது. கொழும்பு லொட்ஜ் ஒன்றில் டென்மார்க் விசாவுக்காகக் காத்திருக்கும் என் மனைவிக்கு, இங்கே அவள் காணப்போகும் முதல் குளிருக்காக. விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம். அவசரக்குடுக்கையான நான் பாவாடையைப் பற்றிக் கடிதமும் எழுதிவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் பிறகு நைபோர்க் துறைமுகம். அங்கே ரயிலையே கப்பலுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு மணிநேரக் கடற்பயணம். எல்லோரும் மேலே கோப்பி குடிக்கப் போனார்கள். நான் பையோடு இருந்துகொண்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு, தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயில், இங்கே வந்தபின் பழக்கமான சிவராசா அண்ணை வீடு. அவர் மனைவி நன்றாகத் தைப்பவர். இடுப்பளவைக் குறைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். கத்தரிக்கோலை எடுத்தவர், தோல் வாரையும் கொளுக்கியையும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“தம்பி, இது பொம்பிளையள் உடுக்கிறது இல்லைப் போல கிடக்கு.”

கீழ்வீட்டில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் இருந்தார். டெனிஷ் பெண்ணை மணந்து இங்கேயே தங்கிவிட்ட கிழவர். அண்ணை என்னை அவரிடம் கூட்டிப்போனார். பாவாடையைக் கண்டதும் கிழவர் எழுந்து நின்றார். இது ஆண்கள் உடுக்கும் கில்ட் என்றார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும், அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் உண்டு என்று அவர் சொன்னபோது ஆசை வந்தது. நல்ல குலமொன்றின் பெயர் கிடைத்தால் மனைவிக்கு எழுதலாமே.

படப் புத்தகத்தைத் திறந்து, துணியைப் பக்கத்தில் வைத்து, கோடுகளை விரலால் எண்ணினார். பிறகு தலையை ஆட்டினார். இது குலத்துக் கட்டம் இல்லையாம். மலைநாட்டுக் குலங்களைக் கண்காணிக்க அரசு நிறுத்திய படையின் துணியாம். 1746இல் குலங்கள் தோற்றபின் சாதாரண ஆண்கள் கில்ட் உடுக்கவே தடை; படையாட்கள் மட்டும் உடுக்கலாம். தன் பாட்டனாரும் அந்தப் படையில்தான் இருந்தார் என்று பெருமையாகச் சொன்னார்.

படியேறும்போது சிவராசா அண்ணை சிரித்தார். “ஆமிக்காரன்ர சாரத்தையோ மனிசிக்கு வாங்கினனீர்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் என் மனைவியின் தமையனை ஆமி விசாரணைக்கென்று கூட்டிப்போனது. அவர் திரும்பி வரவேயில்லை. அது அண்ணைக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு, சொல்லிவைத்தபடி, லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இரவு ஏழரை. எடுத்ததும் முதலில் விசா பற்றித்தான் கேட்பாள்; ‘அடுத்த மாதம்’ என்று சொல்ல, ஒவ்வொரு முறையும் போல, ஆயத்தமாக இருந்தேன்.

“பாவாடை தைச்சாச்சோ?” என்றாள்.

“ஓம். வடிவாயிருக்கு.”

லொட்ஜில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம். பச்சை எவ்வளவு கடும்பச்சை என்று கேட்டாள். சாப்பிட்டேனா என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கத்தில் அவசரமாகப் பேச்சை முடித்து நானே வைத்துவிட்டேன்.

கில்ட்டைக் கீழ்வீட்டாரிடம் கொடுத்துவிட்டு ஐந்து மணி ரயிலைப் பிடித்தேன். கப்பலில் இம்முறை மேலே போய்க் கோப்பி வாங்கினேன். குடிக்கும்போதுதான் உறைத்தது: இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, விசா எப்போது வரும் என்று அவள் கேட்கவில்லை.