மந்தைவெளியில் ஒரு வான்கோழி வேட்டை

பிடித்துவிட்டேன்!

இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம், மந்தைவெளியில், பட்டப்பகலில், நன்றாக வளர்ந்த ஒரு ஆண் வான்கோழியை வேட்டையாடி, உயிரோடு, ஒரு இறகு உதிராமல் பிடித்தவள் நான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும் — கேக்கில் முட்டை வாசனை வந்தால் தட்டோடு தள்ளி வைத்துவிடுகிற ரகம். பல்லியைப் பார்த்தால் ஸ்டூல் மேல் ஏறுகிறவள். சிரிக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஃபிளாட்டில் கீழ்வீடு ஸ்டெல்லா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். இருபது வருஷப் பழக்கம். அவள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு எனக்கென்று முட்டை போடாத கேக் ஒன்று தனியாக மாடியேறி வரும். என் வீட்டுக் கொழுக்கட்டை முதலில் அவள் வீட்டுக்குத்தான் இறங்கிப் போகும்.

டீச்சருக்கு ஒரே அண்ணன், அந்தோணி. கொட்டிவாக்கத்தில் இருக்கிறார். இங்கிருந்து எவ்வளவு தூரம்? டிராஃபிக் இல்லையென்றால் ஆட்டோவில் அரை மணி. அந்த அரை மணி தூரத்தை நாலு வருஷமாக அண்ணனும் கடக்கவில்லை, தங்கையும் கடக்கவில்லை.

காரணம்? ஒரு கல்யாணப் பத்திரிகை. டீச்சரின் பெண் கல்யாணம். பத்திரிகையில் அத்தை பெயர் இருக்கிறது, சித்தப்பா பெயர் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக் குட்டிப் பையன் பெயர்கூட இருக்கிறது. தாய்மாமன் பெயர் இல்லை! நம்மூரில் இதற்கெல்லாம் மன்னிப்பு உண்டா? அந்தோணி சர்ச்சுக்கு வந்தார், பெண்ணுக்கு மோதிரம் போட்டார், பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

அச்சுக் கோத்தவர் ஒரு வரியை விட்டுவிட்டார். சரி, ப்ரூஃப் பார்த்தது யார்?

நான்தான்.

"எழுதுற ஆளு மாடியிலயே இருக்கும்போது வேற யார்கிட்ட குடுப்பேன்?" என்று டீச்சர் பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று சல்லடை போட்டுச் சலித்தேன். ஒரு முழு மனுஷர் காணாமல் போயிருக்கிறார், அது கண்ணில் படவில்லை! டீச்சர் இன்றுவரை என் பெயரை அண்ணனிடம் சொன்னதில்லை. "விடு கமலா, என் வீட்டுப் பத்திரிகை, என் தப்பு" என்று முடித்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த முட்டை போடாத கேக்கை வெட்டும்போது எனக்கு அந்த விட்டுப்போன வரிதான் ஞாபகம் வரும்.

இந்த டிசம்பரில் அந்தோணியின் மனைவி போன் பண்ணியிருக்கிறாள். "ஸ்டெல்லா, இந்த வருஷம் கூப்பிட்டுப் பாரு. வருவார்னு தோணுது. நேத்து அவரா கேக்கறார் — அவ வீட்ல வான்கோழி உண்டான்னு."

டீச்சர் குதித்தாள். வான்கோழி ஒரு சாக்கு என்று அவளுக்குத் தெரியாதா? நாலு வருஷ வீம்பு இறங்கி வர ஒரு படிக்கட்டு வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கே திருவள்ளூர் பக்கம் ஒரு பண்ணையில் சொல்லி வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் ஐயா வந்து இறங்கினார் — கறுப்பு உடம்பு, சிவந்த கழுத்து, மந்திரி நடை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிப்போட்டாள்.

மறுநாள் காலை நான் துணி உலர்த்தப் போனேன். பார்த்தால், கயிறு காலை இறுக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன். அது தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது. நன்றி சொல்கிறது என்று நினைத்தேன்... அடுத்த நொடி கைப்பிடிச் சுவர் மேல் நிற்கிறது. வான்கோழி பறக்குமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். பறக்கும்! பக்கத்துக் கட்டடத்து ஷெட், அங்கிருந்து ஒரு மரம், அதற்குப் பிறகு எங்கே போனதோ தெரியவில்லை.

டீச்சர் கத்தவில்லை. மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் வர மாட்டான் கமலா. 'பார்த்தியா, எனக்குன்னா அவ வீட்ல ஒரு கோழிகூட நிக்காது'ம்பான்."

வேறு வாங்க முடியாதா? கடை கடையாகப் போன் போட்டோம். எல்லாம் எப்போதோ புக் ஆகிவிட்டதாம். ஒரு கடைக்காரர் சிரித்தே விட்டார். அந்த நிமிஷம் முடிவு செய்தேன்: அண்ணனைத் தொலைத்தவளும் நான், கோழியைத் தொலைத்தவளும் நான். ஒன்றையாவது கண்டுபிடித்துக் கொடுக்காமல் விடப்போவதில்லை.

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் செல்வத்தைப் பிடித்தேன்.

"இன்னாமா, வாங்கோயியா? அது எங்கமா போவும்? துன்னுட்டு எங்கியாச்சும் குந்திக்கினு கீதும்மா. வா, பாத்துக்கலாம்."

நாலு தெரு சுற்றினோம். டீக்கடை, இஸ்திரி வண்டி, பால் பூத்... எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். போகிற போக்கில் எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி தட்டிவிட்டேன், தமிழை இங்கிலீஷ் எழுத்தில். அங்கேதான் வந்தது வினை. 'வான்கோழி' என்று அடிக்க வி-க்குப் பக்கத்தில் இரண்டு ஏ போட வேண்டும் இல்லையா? அதில் ஒரு ஏ நகர்ந்து போய் என்-னுக்கு அப்புறம் உட்கார்ந்துகொண்டது. வான்கோழி வனக்கோழி ஆகிவிட்டது! 'வனக்கோழி காணவில்லை, பார்த்தால் பிடித்து வைக்கவும், கிறிஸ்துமஸ் சமையலுக்கு வேண்டும்.' இதற்கும் நான் ப்ரூஃப் பார்க்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

எதிர் பிளாக் சந்தானம் மாமா எங்கள் சங்கச் செகரட்டரி. ரூல் என்றால் உயிர். லிஃப்டில் எத்தனை தேங்காய் ஏற்றலாம் என்று நோட்டீஸ் ஒட்டியவர். ஐந்தே நிமிஷத்தில் பதில்: 'அன்புள்ள உறுப்பினர்களே, காட்டுக் கோழியைப் பிடிப்பது, அடைப்பது, சமைப்பது அனைத்தும் வன உயிரினச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது.'

ஓடிப்போய் விளக்கினேன். "மாமா, அது வனம் இல்லை, வான்! எழுத்துப் பிழை."

"மாட்டிண்டதும் பேச்சை மாத்தப்படாது. நீங்களே பத்திரிகையில எழுதறவா. உங்களுக்குத் தெரியாதா, சட்டம்னா சட்டம்தான்."

சாயங்காலம் கால் வலியோடு உட்கார்ந்திருந்தபோது என் தம்பி ரவியின் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் இருக்கிறான். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியம் அவனிடம் உண்டு — வருஷா வருஷம் ஆபீஸ் நண்பர்களோடு காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறான். அவன் சுடுவதில்லை, சும்மா கூடப் போகிறேன் என்பான். நான் நம்பிக்கொள்கிறேன்.

"அக்கா, நீயா? வேட்டையா? நம்மாத்துலயா?" என்று ஐந்து நிமிஷம் சிரித்தான். பிறகு வாத்தியார் ஆகிவிட்டான். "இங்க நெனச்ச நேரத்துக்குத் துப்பாக்கிய தூக்கிண்டு போயிட முடியாதுக்கா. லைசன்ஸ் எடுக்கணும், சீசன் உண்டு, ஆளுக்கு இத்தனைதான்னு உண்டு. வசந்த காலத்துல சேவல, அதான் ஆண் வான்கோழியத் தவிர வேற எதையும் தொடப்படாது. மரத்துல உக்காந்து தூங்கறப்போ சுட்டா எங்க பக்கம் தப்பு."

"இங்கே லைசன்ஸே கிடையாதுடா. காட்டுப் பறவைன்னா தொடவே கூடாது. எங்க செகரட்டரி அதைத்தான் சொல்லிண்டு குதிக்கிறார்."

"சரி, கேட்டுக்கோ. இருட்டறதுக்குள்ள உயரமா ஒரு இடம் பாத்து ஏறிடும். விடியற வரைக்கும் இறங்காது. கண்ணு பயங்கர ஷார்ப், நீ கைய அசைச்சா போச்சு. ஆனா அதுக்கு ஒரு வீக்னஸ் இருக்கு. சேவலுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் பதில் சொல்லியே ஆகணும். ஆந்தை கத்தினா பதில், இடி இடிச்சா பதில், கார் கதவ சாத்தினாக்கூட பதில். வாய மூடிண்டு இருக்கத் தெரியாது. அதுலதான் மாட்டும்."

இந்த வியாதி உள்ள மனுஷர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும் என்று யோசித்துக்கொண்டே போனை வைத்தேன். நானே ஒருத்தி.

மறுநாள் காலை ஏழு மணி. மனசே சரியில்லை, ஆனாலும் பருப்பை வைத்துத்தானே ஆக வேண்டும்? குக்கர் முதல் விசில் அடித்தது.

எங்கிருந்தோ... களகளகள!

கரண்டி கீழே விழுந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது விசில். களகளகள! மூன்று விசிலில் அடுப்பை அணைப்பது என் வழக்கம். அன்றைக்கு அணைக்கவில்லை. பருப்பு கூழானால் ஆகட்டும் என்று ஜன்னல் ஜன்னலாக ஓடிக் காதை வைத்தேன். எதிர் பிளாக் பக்கம்!

"டீச்சர்! கிடைச்சாச்சு!" என்று கத்திக்கொண்டே மாடி இறங்கினேன். அமெரிக்காக்காரர்கள் இதற்கென்று என்னென்னமோ ஊதுகுழல் வாங்குகிறார்களாம். மந்தைவெளியில் எதற்கு? காலை ஏழிலிருந்து எட்டரை வரை வீட்டுக்கு வீடு ஊதுகிறதே! ஒரு வீட்டில் பருப்புக்கு, ஒரு வீட்டில் சாதத்துக்கு. ஒவ்வொரு விசிலுக்கும் அந்த முட்டாள் மரியாதையாகப் பதில் சொல்கிறது. டீச்சரை மாடிக்கு அனுப்பினேன், செல்வத்தைத் தெருவில் நிறுத்தினேன், நான் நடுவில். விசில், களகள, கை காட்டு. விசில், களகள, இன்னும் கொஞ்சம் இடது. கணக்கு டீச்சர் இல்லையா, மேலே இருந்தபடியே கோணம் போட்டுவிட்டாள்.

"கமலா! ரெண்டாவது மாடி! பால்கனி!"

யார் வீட்டுப் பால்கனி? சந்தானம் மாமா வீடு!

கதவைத் திறந்த மாமி வாயில் விரலை வைத்து உள்ளே கூட்டிப் போனாள். பால்கனியில் மாமா நாற்காலியில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார், கையில் பேப்பர். துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில், கம்பிமேல் நம்ம ஐயா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"தொடப்படாது!" என்று உதடு அசையாமல் சொன்னார் மாமா. "புரொடெக்டட் பேர்ட்! அரை மணியா நான் அசையலை. மாமிய விட்டு ஃபாரஸ்ட்டுக்குப் போட்டோ அனுப்பியிருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. மாமி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், வனத்துறையிலேர்ந்து. நீங்க அனுப்புன போட்டோ பார்த்தோம். அது வான்கோழி சார். வீட்ல வளக்குறது. காட்டுப் பறவையா இருந்தா தொடாதீங்கன்னுதான் சொல்வோம். இது எங்க லிஸ்ட்ல வராது. ஓனர் யாரோ, தாராளமா புடிச்சுக்கலாம்."

மாமாவின் முகம் விழுந்தது. எனக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. தம்பி சொன்னதுதான் காதில்: அசைந்தால் போச்சு. கொடியில் மாமாவின் எட்டு முழ வேஷ்டி உலர்ந்துகொண்டிருந்தது. அங்குலம் அங்குலமாகக் கையை நகர்த்தி அதன் ஓரத்தைப் பிடித்தேன். உள்ளே மாமி வீட்டுக் குக்கர் சரியாக அந்த நேரத்தில் ஒரு விசில் அடித்தது பாருங்கள்! ஐயா கழுத்தை நீட்டிப் பதில் சொல்லத் தொடங்கினார்... வேஷ்டியை வீசினேன். மேலே விழுந்தேன். தலை மூடியதும் அடங்கிவிட்டது.

"என் வேஷ்டி!" என்றார் மாமா.

"அள்ளிட்டியேம்மா!" என்று தெருவிலிருந்து செல்வம் விசில் அடிக்க, அதற்கும் வேஷ்டிக்குள்ளிருந்து ஒரு களகள வந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் தெருவைக் கடந்தேன். உலகக் கோப்பையை வாங்கியவர்கள்கூட அப்படி நடந்திருக்க மாட்டார்கள். டீச்சர் ஓடி வந்தாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. என்னையும் வான்கோழியையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கீழ்வீட்டுச் சமையலறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. மனசு கஷ்டமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவிழ்த்துவிட்டது பாவம் பார்த்து, பிடித்தது டீச்சருக்காக, இரண்டும் நான்தான்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் அந்தோணி வந்தார். மனைவி முன்னால், அவர் பின்னால், செருப்பைக் கழற்ற இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார். எனக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். அதே மேஜைதான். அந்தோணி சாதத்தையே பிசைந்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்த்தது நான். உங்க பேர் விட்டுப்போனது என் கண்ணு செஞ்ச தப்பு. டீச்சர் மேல ஒண்ணும் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "இவ ஏன் சொல்லல?" என்றார் மெதுவாக. டீச்சர் அவர் தட்டில் வான்கோழித் துண்டை வைத்தாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"உப்பு கம்மி," என்றார்.

"காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு பிரஷர் மாத்திரை போடுற ஆளுக்கு இந்த உப்பு போதும்!" என்றாள் டீச்சர் வெடுக்கென்று.

அந்தோணியின் கை நின்றுவிட்டது. நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத தங்கைக்கு அவருடைய மாத்திரைக் கணக்கு எப்படித் தெரிந்தது? மனைவி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், தட்டைத் தங்கை பக்கம் தள்ளினார்.

"இன்னொரு பீஸ் வை."