தற்காலிகமாக முடக்கியது

கல்லூரிக் கணினி ஆய்வகத்தின் பொறுப்பாளனை எல்லோரும் 'பெங்குயின்' என்றுதான் கூப்பிடுவார்கள். லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தின் சின்னமான அந்தப் பறவையின் படத்தை ஹெல்மெட், சாப்பாட்டு டப்பா, ஆய்வகக் கதவு என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஒட்டி வைத்தால் வேறு என்ன பெயர் வரும்? நாற்பத்தோரு வயது. யார் வீட்டில் லேப்டாப் திணறினாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றாமல் அங்கிருந்து கிளம்பமாட்டான்.

உதவி செய்வதில் அவனைக் குறை சொல்ல முடியாது. கேட்காத உதவியையும் செய்வான் என்பதுதான் தொல்லை. போதாததற்கு ஒரு கொள்கை வேறு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டாத மென்பொருளைத் தன் கையால் எந்த மெஷினிலும் ஏற்றமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்பான்.

அந்தக் கொள்கை அவனுடைய அக்காவின் தலையில் விடிந்தது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அவள் கணவருக்கு வீட்டை ஒட்டியே மரவேலைப் பட்டறை. சமையலறை அலமாரிகளைக் கணினியில் வரைந்து, நாலு பக்கமும் திருப்பிக் காட்டினால் வாடிக்கையாளர்கள் சட்டென்று சரி சொல்லிவிடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது என்று இவளே விசாரித்துச் சேர்ந்தாள். லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தது, லினக்ஸ் ஏற்றியது எல்லாம் தம்பிதான். வகுப்பில் சொல்லித்தரும் மென்பொருள் லினக்ஸிலும் ஓடும் என்பதால் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அந்த லேப்டாப்பில் படம் வரைய இரண்டு சிப் இருந்தன. சாதாரண வேலைக்குச் சின்னது ஒன்று. கனமான வேலைக்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் அட்டை. அட்டையிடம் வேலை வாங்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். அதிலும் இரண்டு வகை. அட்டையைச் செய்த கம்பெனி கொடுப்பது வேகமானது, ஆனால் உள்ளே இருப்பதைக் காட்டமாட்டார்கள். ஆர்வலர்கள் கூடி எழுதியதில் ஒளிவுமறைவு கிடையாது, ஆனால் அந்த அட்டையிடம் பாதி வேலைகூட அதற்கு வாங்கத் தெரியாது, சூட்டை அடக்கவும் தெரியாது. பெங்குயின் இரண்டாவதைப் போட்டான். வேறு எதைப் போடுவான்?

ஒரே நாளில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "டேய், மடியில வச்சா தொடை வேகுதுடா. சத்தம் வேற, பட்டறை ரம்பம் தோத்துப்போகும்."

கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம் அது. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அக்கா வீட்டில் ஐந்து நிமிடம் நின்றான். பெரிய அட்டையையே அடியோடு முடக்கினான். சூடு போனது, சத்தம் போனது. அக்கா அவனை மெச்சிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் மூன்று முறை போன் செய்தாள். அலமாரியைத் திருப்பினால் படம் திக்கித் திக்கி நகர்கிறது, கதவு ஒன்றை வைக்கச் சொன்னால் யோசித்து யோசித்து வைக்கிறது என்றாள். மூன்று முறையும் அவனுக்கு அவசரம். "நீ படபடன்னு மவுஸை இழுக்கிறக்கா. பொறுமையா பண்ணு, பழகிடும்" என்றான். அக்காவும் பொறுமையாகப் பழகினாள். ஏழு மாதம் பழகினாள். கடைசித் தேர்வில் அவரவர் லேப்டாப்பிலேயே இரண்டு மணி நேரத்தில் ஒரு சமையலறையை முடிக்க வேண்டும். அவளால் பாதிதான் முடிந்தது. கூடப் படித்த சின்னப் பெண்களெல்லாம் முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்குக் கை வேகம் பத்தலைம்மா" என்று பயிற்சியாளர் அம்மா சொன்னாராம். அக்கா லேப்டாப்பை உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்பினாள்.

அடுத்த வருடம் அக்கா மகளுக்குப் படிக்க லேப்டாப் தேவைப்பட்டது. "ஒருதடவை பாத்துக் குடுடா" என்று அக்கா சொல்ல, ஒரு சனிக்கிழமை மதியம் பெங்குயின் போனான். அக்கா முன்னறையில் ஒரு பேன்ட்டின் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இவன் உள்ளறை மேசையில் உட்கார்ந்தான்.

வழக்கம்போல முதலில் எந்தச் சிப்புக்கு எந்த டிரைவர் ஓடுகிறது என்று கேட்கும் கட்டளையைத் தட்டினான். சின்னச் சிப்புக்கு நேரே பெயர் வந்தது. பெரிய அட்டைக்கு நேரே ஒன்றுமே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று அமைப்புக் கோப்புகளைத் துழாவினான். ஒரு கோப்பில் இரண்டே வரிகள். இரண்டாவது, அட்டையை முடக்கும் வரி. அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். சூடு. அடுத்த வாரம் சரிசெய்ய வேண்டும்.' பக்கத்தில் தேதி. அவன் எழுதியதுதான். தேதி போட்டுக் குறிப்பு எழுதாமல் எந்தக் கோப்பையும் தொடாதே என்று மாணவர்களிடம் வாய் கிழியப் பேசுகிறவன் அல்லவா?

அந்தக் குறிப்பை உலகத்தில் படிக்கக்கூடிய ஒரே ஆள் அவன். அவன் அதை மறுபடி திறக்கவே இல்லை.

அக்காவின் கோப்புகளைத் திறந்தான். 'அடுப்புமேடை 1', 'அடுப்புமேடை 2' என்று அறுபத்திரண்டு வரைக்கும் இருந்தது. எல்லாமே மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் சேமித்தவை. தையல் வேலை ஓய்ந்திருக்கும் நேரம். கடைசியில் 'தேர்வு'. மேல் அலமாரிகள் அளவு பிசகாமல் வரிசையாக நின்றன. கீழே பாதியில் நின்றுபோயிருந்தது. ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்தான். இழுத்தால், நின்று, யோசித்து, குதித்தது. இதை வைத்துக்கொண்டு அவன் பத்து நிமிடம்கூடத் தாங்கியிருக்கமாட்டான்.

கொள்கையைத் தூக்கி மூலையில் வைத்தான். முடக்கிய வரியை நீக்கினான். அட்டையின் மாடலைப் பார்த்து, லினக்ஸ் பதிப்புக்குப் பொருந்தும் கம்பெனி டிரைவரைத் தேர்ந்தெடுத்து இறக்கினான். ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வந்து, இந்த டிரைவரை நம்பலாமா என்று கடவுச்சொல் கேட்டது. கொடுத்தான். வரையும் மென்பொருள் மட்டும் பெரிய அட்டையில் ஓடும்படி வைத்தான், மற்ற நேரத்தில் சூடாகாது. 'தேர்வு' கோப்பைத் திறந்து திருப்பினான். அலமாரிகள் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தன.

அக்கா நூலைக் கடித்தபடி எட்டிப் பார்த்தாள். "அட, என்னடா பண்ணே? வெண்ணெய் மாதிரி போகுது!"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். "புது வெர்ஷன் வந்திருக்குக்கா. அதுல எல்லாமே கொஞ்சம் வேகம்" என்று வந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"நல்லது. அவளுக்காவது ஆகட்டும்."

"நீயும் மறுபடி உக்காரலாமேக்கா."

"எனக்கு எதுக்குடா?" அக்கா சிரித்தாள். "மெஷின் ஓடி என்ன, நான் ஓட வேணாமா? ஸ்கூட்டர் கத்துக்கலாம்னு இருந்தேன், அதையும் விட்டுட்டேன். துணிக்கடைக்காரம்மா கட்டிங் பிரிவைப் பாத்துக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டேன். நான் மந்தம்டா. நல்லவேளை, பரிட்சை வச்சு அதைச் சொல்லிட்டாங்க. இல்லன்னா தெரியாமலே ஆடிக்கிட்டிருப்பேன்."

அவள் வருத்தப்பட்டுச் சொல்லியிருந்தால் அவன் அந்தப் பொய்யோடு வீட்டுக்குப் போயிருக்கவும் கூடும். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அதுதான் அவனைக் கொன்றது.

"அக்கா, புது வெர்ஷன் எல்லாம் ஒண்ணுமில்ல" என்றான். கோப்பைத் திறந்து காட்டினான். தான் எழுதிய குறிப்பை வாய்விட்டுப் படித்தான். தேதியையும் படித்தான். "படம் வரையுற சாமானை நான்தான் அடைச்சு வச்சேன். திறக்கணும்னு எழுதியும் வச்சேன். மறந்துட்டேன். நீ போன் பண்ணப்பகூட உன் மேலயே பழியைப் போட்டேன். உன் கையில ஒரு குறையும் இல்லக்கா."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைச் சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சு?" என்றாள்.

"இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷம்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "தினமும் என்னை நானே திட்டிக்கிட்டேன்டா. மரமண்டை, மரமண்டைன்னு."

மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாய்வரை வந்து, அதைச் சொல்லக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்ற, விழுங்கிவிட்டான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்தாள். பயிற்சியாளர் அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"மேடம், போன வருஷ பேட்ச், தையல்காரம்மா பேசுறேன். மறுபடி பரிட்சை எழுதலாமா? ஆமா மேடம், என் மெஷின்லதான் கோளாறாம். இப்பதான் தெரிஞ்சுது." அவனை ஒருமுறை பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்தது, குரலில் இல்லை. "இல்லல்ல, கடைக்காரங்க மேலயும் தப்பில்ல. என் தம்பிதான் கண்டுபிடிச்சான். ரொம்ப கெட்டிக்காரன். சனிக்கிழமைகூட ஓய்வெடுக்காம வந்து உக்காந்து சரி பண்ணிக் குடுத்திருக்கான்."

அறைந்திருந்தால் தாங்கியிருப்பான். எழுந்து போய் அக்காவின் எதிரே நின்று கையை நீட்டினான்.

"போனைக் குடுக்கா."

"எதுக்குடா?" போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "நான்தான் பேசிட்டேன்ல?"

"குடு."

வாங்கிக் காதில் வைத்தான். மறுமுனையில் அந்த அம்மா, இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் அவங்க தம்பி பேசுறேன்" என்றான். "மெஷின்ல எந்தக் கோளாறும் இல்ல. எங்க அக்காவை ஃபெயில் பண்ணினது நான்தான்."