கோடு போட்ட ஐசி நகல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் நான் பல வருடம் லோரி ஓட்டிய கம்பெனி, ஒருநாள் காரணம் சொல்லாமல் என்னை வேலையிலிருந்து நிறுத்தியது. வெட்கத்தில் வீட்டாரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வழக்கறிஞர் அம்மா தமிழில் எழுதும் வலைப்பூவை என் மகள் படித்துக் காட்டினாள். வேலை போன அறுபது நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டுமாம்.

"லாயர் சும்மா சொல்லித் தருவாங்களா? ஸ்கேம் லா," என்றேன்.

"இன்னும் நாலு நாள்தான்பா இருக்கு."

அந்த அம்மாவுக்கு அப்படி ஓர் ஆபீஸ் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பிரிக்பீல்ட்ஸ் போனேன். என் ஐசி, அதாவது அடையாள அட்டை நகலை யாரும் வேறு எதற்கும் பயன்படுத்தாதபடி குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'இந்தப் புகாருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தேன். கதவோரமாகவே உட்கார்ந்தேன்.

நகலைப் பார்த்து அந்த அம்மா சிரித்தார். "இப்படிக் கோடு போட யாருண்ணே சொல்லிக் கொடுத்தா?"

"மகள். எதிலேயோ படிச்சாளாம்."

"நான் எழுதினதுதாண்ணே அது."

எனக்கு முகம் சுட்டது.

"புகார் கொடுக்க லாயர் வேணாம். தொழில் உறவு இலாகாவுக்கு நீங்களே போங்க, இன்னைக்கே."

"அப்போ எழுதுறதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"நம்பாம வந்தாலும், நாள் முடியறதுக்குள்ள வந்தீங்கல்ல? அதுதாண்ணே லாபம்."

அன்று மதியமே புகார் பதிவானது. போன வாரம் உயில் எழுதவும் அவரிடமே போனேன். அப்போதும் ஐசி நகலில் கோடு போட்டேன். அவரைச் சந்தேகப்பட்டு அல்ல, அவர் சொல்லியிருந்ததால்.

எழுதியது: தைப்பூசத்துக்கு மறுநாள்.