மச்சான் எழுதும்வரை எழுதாதவர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பேட்டரியில் இரண்டு பல்புகளை எரியவைத்தது. மெரியோனி மின் நிலையத்தில் பொறியாளர். அவளுக்கு அது ஒரு நிமிட வேலை. அப்பா இசிகேலி கம்பியைத் தொடவிடவில்லை.

"வீட்டுப்பாடம் எனக்குத்தானே குடுத்தாங்க? நீ டீயக் குடி."

"அப்பா, அந்தக் கம்பி அங்க போகாது."

"போகாதுன்னு அதுவே சொல்லட்டும்."

பல்பு எரியவில்லை. சிரித்துவிட்டு மாற்றிப் போட்டார். இரண்டும் எரிந்தன. தாளில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மச்சான் சைலோசி எழுதாமல் அவர் எழுத மாட்டார்.

இசிகேலி தன் ஊரான நௌசோரிக்கும் சுவா நகருக்கும் இடையே பஸ் ஓட்டியவர். தலை நரைத்த பிறகு, பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தார். சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்கும் மச்சான் சைலோசியையும் இழுத்துவந்தார். இருவரும் சேர்ந்தே பத்தாவது தேற வேண்டும். அதுதான் அவருடைய ஒரே பிடிவாதம்.

வினை ஆரம்பத்திலேயே வந்தது. 'கேரேகேரே' என்று சொல்லிச் சொந்தக்காரன் ஒன்றைக் கேட்டுவிட்டால், நௌசோரியில் யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. சட்டையானாலும் சரி, மண்வெட்டியானாலும் சரி. சைலோசி கேட்டது 'என் குடும்பம்' கட்டுரை. இசிகேலி கொடுத்தார். மச்சான் ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினார்.

ஆசிரியை ரோஷ்ணி வகுப்பிலேயே கேட்டார்: "சைலோசி, உங்களுக்கு நாலும் பையங்கதானே? மின் நிலையத்துல வேலை பாக்குற மெரியோனி யாரு?"

"மச்சான் பொண்ணு, டீச்சர். எனக்கு மருமக."

"மகள்னு எழுதியிருக்கீங்களே?"

"அவன் எழுத்துல அப்படித்தான் இருந்துச்சு."

வகுப்பே உருண்டு சிரித்தது. இருவருக்கும் பூஜ்யம். இன்னொரு முறை இப்படி நடந்தால் இருவருக்குமே பரீட்சை இல்லை என்று ரோஷ்ணி சொல்லிவிட்டார்.

"ஏண்டா, மண்டைக்குள்ளயும் கிழங்குதானா? பேரையாவது மாத்தக் கூடாதா?" என்றார் இசிகேலி, வெளியே வந்ததும்.

"புத்தகத்துல எல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்கு மச்சான். உன் எழுத்துதான் பஸ் போர்டு மாதிரி பெருசு. அதத்தான் என்னால படிக்க முடியுது."

கேட்டால் மறுக்க முடியாது. கொடுத்தால் பரீட்சை போய்விடும். இசிகேலி ஒரு வழி கண்டுபிடித்தார். தாளில் எழுதிய விடைதான் பொருள். கேட்டு வாங்கிப் போகலாம். எழுதாததை எப்படிக் கேட்பது? பஸ் நிலையத்தில் காலியாக நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, கேள்வியைச் சத்தமாகப் படிப்பார். இருவரும் சண்டை போட்டு விடையைப் பிடிப்பார்கள். சைலோசி பெரிய எழுத்தில் முதலில் எழுதுவார். பிறகுதான் இசிகேலி, தன் சொந்த வார்த்தையில்.

"கேரேகேரே, விடையக் குடு மச்சான்."

"எங்கிட்ட இருந்தாத்தானே குடுக்க? நீ எழுது."

அந்தத் தவணையில் கணக்கில் சைலோசிதான் அதிக மதிப்பெண். "இப்ப மச்சான்தான் என்னைப் பாத்து எழுதுறான்" என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்று வாங்கியவர்களுக்கெல்லாம் கூடுதலாக ஒரு கிழங்கு.

பிறகு இசிகேலி அவரைச் சுவா மருத்துவமனைக்கு இழுத்துப்போய்க் கண்ணை அளக்கவைத்தார். பரீட்சை அறையில் கேள்வியைப் படித்துக்காட்ட மச்சான் வர முடியாதே.

"கண்ணாடி போட்டா என்னைப் பாதிரியார்னு நெனச்சு ஜெபம் பண்ணச் சொல்லப் போறாங்க" என்று சைலோசி வழியெல்லாம் புலம்பினார்.

கண்ணாடி தயாரானதும் தானே வாங்கிவருவதாக இசிகேலி சொல்லியிருந்தார். பஸ் எப்படியும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும்.

பல்புகள் எரிந்தது சனிக்கிழமை. ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போய்வந்து, சாப்பிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

அடக்கம் முடிந்ததும் சைலோசி மெரியோனியிடம் வந்தார். "வகுப்ப நிறுத்திட்டேன் மருமகளே. கேள்விய யார் படிச்சுச் சொல்லுவா?"



மறுநாள் அப்பாவின் கைப்பேசியில் சுவா மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்தது. சைலோசியின் கண்ணாடி தயார். இசிகேலி நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.