கூலிக் கட்டத்தில் போட்ட கோடு

புனேயில் கட்கி பஜாருக்குப் பின்னால் எங்கள் மாவுக்கடை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். இரண்டு கிரைண்டர். அரிசி, உளுந்து வாங்குவதும் வண்டியில் மாவு கொண்டுபோய்ப் போடுவதும் என் வேலை. மற்றதெல்லாம் என் மனைவி. ஊறவைப்பாள், அரைப்பாள், வழிப்பாள், உப்புப் போட்டுக் கரைப்பாள், டிரம்மைத் தூக்கி வைப்பாள். டிசம்பர் குளிரில் இங்கே மாவு பொங்காது. அவள் கைக்குப் பொங்கும்.

ஊருக்குள் நான்கு ஓட்டல் நடத்தும் ஒரு பெரிய கம்பெனி மாவுக்கு ஆள் தேடியது. நான்கு ஓட்டலுக்கும் சாமான் வாங்குவது ஒரே ஆபீஸ். அங்கே இருந்த பர்ச்சேஸ் ஆபீசர் தமிழர், இங்கேயே ஔந்தில் வளர்ந்தவர். தமிழ் இந்தி கலந்துதான் வரும். நம்ம ஆள் என்று எனக்குச் சந்தோஷம்.

மூன்று பேரிடம் மாவு வாங்கினார்கள். யார் மாவு என்று சொல்லாமல் சமையல்காரரிடம் கொடுத்து இட்லி ஊற்றச் சொன்னார்கள். மூன்று நாளும் எங்கள் மாவுதான் முதலில் வந்தது. பிறகு வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார்கள், அடித்தோம். டைல்ஸ் போடச் சொன்னார்கள், போட்டோம். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ருசியில் ஜெயித்தால் வேலை நமக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ருசி வாசல் வரைக்கும்தான் கூட வந்தது.

ஆபீசர் ஒரு தாள் கொடுத்தார். ஒரு கிலோ மாவுக்கு எதற்கு எவ்வளவு ஆகிறது என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும்.

"ஒளிக்காம எழுதுங்க அண்ணா. அப்பதான் நான் மேல பேச முடியும்" என்றார்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, கரண்ட், டிரம், பெட்ரோல். கடைசிக் கட்டம் ஆள் கூலி. அதில் ஒரு கோடு போட்டேன். நாங்கள் ஆள் வைக்கவில்லை. கூலி என்றால் வெளியாளுக்குக் கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அந்தக் கோட்டைப் போடும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விலை பேசக் கூப்பிட்டார்கள். கிலோ அறுபது கேட்டேன். ஆபீசர் தாளைப் பார்த்தார்.

"லேபர்ல ஏன் கோடு?"

"ஆளு வைக்கல சார். வீட்லயே செய்றோம்."

"பாபி செய்றாங்களா?" புனேயில் அண்ணியை அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா சார்."

"அப்ப நீங்க நல்லாவே கம்மி பண்ணலாமே அண்ணா! மத்தவங்க நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கறாங்க. உங்களுக்கு எல்லாம் ஃப்ரீ." சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாற்பத்தாறில் முடித்தார். ஒரு வருஷத்துக்கு விலை மாறாது. நடுவில் நிறுத்தினால் கட்டிய டெபாசிட் திரும்பாது. கையெழுத்துப் போட்டேன்.

தினம் நாற்பது கிலோ அரைத்துக்கொண்டிருந்தவள் நூற்றிருபது கிலோ அரைத்தாள். ஐந்தாம் மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. டிஸ்க் விலகியிருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். இரண்டு பெண்களை வேலைக்கு வைக்க வேண்டும். கிலோவுக்கு ஏழு ரூபாய் ஏற்றினால் சமாளிக்கலாம். நாற்பத்தாறில் எங்களுக்கு மிஞ்சியதே அந்த ஏழுதான். ஆபீசரிடம் போனேன்.

ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"இது உங்க சைன்தானே?"

"ஆமா சார்."

"இதுல லேபரே இல்ல. இல்லாத லேபருக்கு நான் எப்படி ரேட் ஏத்தறது? உளுந்து ஏறிச்சுன்னா மார்க்கெட் யார்ட் ரேட் காட்டுங்க, ஏத்தித் தர்றேன். பாபிக்கு முதுகு வலின்னு ஆடிட்ல என்ன எழுதுவேன் அண்ணா?"

கெட்டவர் இல்லை. டீ வரவழைத்தார். தன் அம்மாவுக்கும் முதுகு வலிதான் என்று சொல்லி, நிக்டியில் ஒரு டாக்டரின் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன்.

"என்ன சொன்னாரு?" என்றாள்.

"ஏத்த மாட்டாராம்."

ஏன் என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அந்தத் தாளைப் பற்றி அவளிடம் முதன்முதலாகச் சொன்னேன்.

"வெந்தயம் எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"கிலோவுக்கு ஒரு சிட்டிகை போடுவேன். அதெல்லாம் எழுதத் தெரிஞ்சுது உங்களுக்கு."

சத்தம் போடவில்லை. டாக்டர் கொடுத்த இடுப்பு பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கிரைண்டருக்குப் போனாள்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். டெபாசிட் கண்ணில் நின்றது. வருஷத்தை ஓட்டிவிட்டால் அடுத்த தரம் சரியாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டிரம்மை நான் தூக்கினேன். அரைப்பதும் வழிப்பதும் அவள்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் காலை மாவு வழிக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடது கால் மரத்துப்போயிருந்தது. ஆபரேஷன் என்றார்கள். மாவு போடுவதை நிறுத்தினேன்.

ஆபீசர் போன் செய்தார். "ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல அண்ணா? நானும் மேல ஜவாப் சொல்லணும்."

மறுநாளே வேறொருவர் மாவு போயிற்று. முதலில் இட்லி ஊற்றிப் பார்த்தபோது மூவரில் இரண்டாவதாக வந்தவர். அவர் தாளையும் எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். டெபாசிட் வரவில்லை.

இப்போது ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் அரைக்கிறோம். மனைவி நடக்கிறாள். இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பேச்சில், "உனக்காகத்தான் அந்த ஓட்டல விட்டேன்" என்றேன்.

"எனக்காகன்னா பெல்ட் கட்டின அன்னிக்கே விட்டிருப்பீங்க" என்றாள்.

மடித்ததை எடுத்து வைக்க எழப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.