ஒப்புக்கு ஒருத்தி

"தோத்தாங்குளின்னியே, எந்தக் குழி?"

மங்கை தராசைப் பாதியில் நிறுத்திவிட்டாள். தட்டில் நெத்திலிக் கருவாடு தொங்குகிறது. வாங்க வந்தவர் தன் பங்காளியைத்தான் திட்டினார். கேள்வி தன் மேல் பாயும் என்று அவர் நினைக்கவில்லை. கோலியில் தோற்றவன் மடக்கிய விரல்முட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டே குழிவரை போகவேண்டும், முட்டி தோலுரிந்து ரத்தம் கசியும், அவனுக்குத்தான் அந்தப் பேர் என்று விளக்கிவிட்டு, "உம் பங்காளி முட்டியைப் பாத்தியா? பாக்காம பேசாத" என்றாள். அப்புறம்தான் கருவாடு பைக்குள் விழுந்தது.

செஞ்சி சந்தையில் அவளிடம் வாங்குகிறவன் வாயை அடக்கி வாங்கவேண்டும். சேர் போய் கிலோ எடைக்கல் வந்த புதிதில் எடையில் ஏமாற்றுகிறாள் என்று ஒருவன் வம்புக்கு வந்தான். "உம் பாச்சா இங்க பலிக்காது" என்றவள், பாச்சா என்றால் சூதாட்டக் காய், அதை உருட்டவும் ஒரு கை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்பினாள்.

ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. ஊர் தொண்டூர். அங்கே தெருவில் ஓடிப்பிடித்து ஆடும்போது அவளையும் சேர்த்துக்கொள்வார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. நாள் பூராவும் ஓடினாள். யாரைத் தொட்டாலும் கணக்கில்லை.

போன வருஷம் சந்தைச் சங்கத்தில் பெண்கள் சார்பாக ஒருத்தி வேண்டும் என்று அவளை ஒன்பதாவது ஆளாகப் போட்டார்கள். சங்கத்தின் முதல் வேலையே, நாற்றம் என்று சொல்லி, மங்கையோடு சேர்த்துக் கருவாட்டுக்காரிகள் நாலு பேரையும் ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரைக்குத் தள்ளுவது. கை தூக்கச் சொன்னார்கள். தள்ளு என்று நாலு கை, வேண்டாம் என்று நாலு கை. வேண்டாம் பக்கம் ஐந்தாவதாக மங்கையும் தூக்கினாள். செயலாளர் விநாயகம் அவள் கையைத் தாண்டி எண்ணினார். நாலுக்கு நாலு, தலைவர் சொல்வதே முடிவு என்றார். தலைவர் தள்ளு என்றார்.

"எங்கைய எண்ணலையா?"

"நீ ஒப்புக்குச் சப்பாணிம்மா. கைய எறக்கு."

நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா என்று இரண்டு தரம் கேட்டாள். விநாயகமும் இரண்டு தரம் ஆமாம் என்றார். சண்டை போடாமல் அவள் எழுந்து வந்ததே பலருக்கு அதிசயம்.

அடுத்த சந்தைக்கு நாலு பேரும் பழைய இடத்திலேயே சாக்கை விரித்தார்கள். விநாயகம் சுண்ணாம்பு வாளியோடு வந்து அவர்களுக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு உள்பக்கம் கருவாடு கூடாது, ஏந்திரிங்க என்றார்.

"சின்னதுல நீ தெருவுல ஆடினதே இல்லையா?" என்று மங்கை கேட்டாள். "சப்பாணி தொட்டா எவனும் அவுட்டு இல்ல. சப்பாணியை எவன் தொட்டாலும் அவ அவுட்டு இல்ல. பொம்பளைங்க அத்தன பேருக்கும் சேத்துத்தான என்னை வெச்சீங்க? எங்கைய எண்ணலன்னா உங்க தீர்மானம் எங்களைத் தொடாது. தொடணும்னா போயி எண்ணிட்டு வா. அஞ்சுக்கு நாலு."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். விநாயகம் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

மங்கை சூம்பின காலை இரண்டு கையாலும் தூக்கி, ஈரம் காயாத கோட்டின் மேல் நீட்டிப் போட்டாள். தராசை எடுத்தாள்.